டார்டன் துணியும் நான் அவசரமாகச் சொன்ன பதிலும்





இரண்டாண்டுகளுக்கு முன்னர் ஒரு மே மாதத்தில், அஸர் தொழுகையை முடித்துவிட்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். கிளாஸ்கோ நகரில் வசிக்கும் என் தம்பியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பள்ளிப் படிப்பை முடிக்கும் வயது. நலம் விசாரித்த பிறகு, சற்றுத் தயங்கி ஒரு கேள்வி கேட்டான்.

"பெரிய வாப்பா, எங்கள் பள்ளியில் கடைசி வருடத்துக்கான விருந்து இருக்கிறது. என் தோழர்கள் எல்லாரும் கில்ட் உடுத்தி வருகிறார்கள். நானும் உடுத்தலாமா?"

கில்ட் என்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். முழங்காலளவு தொங்கும், மடிப்பு மடிப்பாகத் தைத்த, கட்டம் போட்ட துணி. ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "அது பாவாடை அல்லவா? ஆண்கள் பெண்களுக்கு ஒப்பாக உடுத்துவதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள். வேண்டாம்" என்றேன். அவன் வாதாடவில்லை. "சரி பெரிய வாப்பா" என்று சொல்லி, ஸலாம் கூறி வைத்துவிட்டான். நல்ல பிள்ளை, சொன்னதும் கேட்டுக்கொண்டான் என்று நான் மகிழ்ந்தேன்.

அந்த நேரத்தில் என் இடுப்பில் இருந்தது பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட சாரம். அது அப்போது என் நினைவில் வரவேயில்லை.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், அல்லாஹ்வின் அருளால், தம்பியின் அழைப்பின் பேரில் ஒரு மாத காலம் கிளாஸ்கோவில் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. அந்தப் பருவத்தில் அங்கே மஃரிப் இரவு பத்து மணிக்கு மேல்தான். அப்படி ஒரு நீண்ட மாலைப்பொழுதில், மஃரிபுக்குக் காத்திருந்த வேளையில், பேச்சோடு பேச்சாகத் தம்பியின் மனைவி ஒரு செய்தியைச் சொன்னார். மகன் அந்த விருந்துக்குப் போகவேயில்லை. எல்லாரும் ஒரே விதமாக உடுத்தி வரும் இடத்தில் தான் மட்டும் வேறாக நிற்கக் கூச்சப்பட்டு, உடல் நலமில்லை என்று தோழர்களிடம் சொல்லிவிட்டு, அன்று மாலை முழுவதும் அறைக்குள்ளேயே இருந்தானாம். ஆறு ஆண்டுகள் கூடப் படித்த பிள்ளைகள் ஒன்றாகக் கூடிய கடைசி நாள் அது. "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம் மச்சான்" என்றார். குறை சொல்லும் தொனியில் அவர் சொல்லவில்லை. ஆயினும் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் சொன்னது சரிதானா என்று ஓராண்டு கழித்து முதன்முறையாக என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நான் மேலப்பாளையத்தில் ஒரு நெசவாளியின் மகன். என் வாப்பா குழித்தறியில் சாரம் நெய்தவர். தார் சுற்றுவதும் இழை அறுந்தால் முடிபோடுவதும் ஓதப் போகும் முன்னரே எனக்குப் பழகிய வேலைகள். கட்டம் எப்படி விழுகிறது என்பது என் கைக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான், ஒரு கட்டத் துணியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், ஒன்றும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மருமகனிடம், "உங்கள் ஊர்த் துணியை எனக்குக் காட்டு" என்றேன். அவன் இப்போது பல்கலைக்கழகத்தில் கணிதம் பயில்கிறான். முகம் மலர்ந்தது. அந்த வார இறுதியில் என்னை எடின்பரோ நகருக்கு அழைத்துச் சென்றான். ஒரு மணி நேரத்திற்கும் குறைவான ரயில் பயணம்.

அங்குள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் முதலில் பார்த்தது, உள்ளங்கையளவே இருக்கும் ஒரு கிழிந்த கம்பளித் துண்டு. 1933ஆம் ஆண்டு ஃபால்கிர்க் என்னும் ஊரில் மண்ணுக்கடியில் ஒரு பானை கிடைத்தது. உள்ளே ஏறத்தாழ இரண்டாயிரம் ரோமானிய வெள்ளிக் காசுகள். அந்தப் பானையின் வாயை அடைத்திருந்த துணிதான் இது. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாயம் ஏதும் இல்லை. வெள்ளாட்டின் வெள்ளையும் கருப்பாட்டின் கருப்பும்போல, செம்மறியின் இயற்கையான வெளிர் நிறக் கம்பளியும் கருநிறக் கம்பளியும் மாறிமாறி வந்து கட்டங்களாகி இருந்தன. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ ஒருவர் தறியின் முன் அமர்ந்து இழைகளை எண்ணியிருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது வாப்பாவின் நினைவு வந்தது.

அதன்பின் ஒரு துணிக்கடைக்குச் சென்றோம். கடையெங்கும் டார்டன் துணிகள். மருமகன் ஒரு துணியின் ஓரத்தைப் பிடித்து எனக்கு விளக்கத் தொடங்கினான். அவன் ஆசிரியர், நான் மாணவன்.

டார்டன் துணியில் பாவு இழைகள் எந்த நிற வரிசையில், எந்த எண்ணிக்கையில் வருகின்றனவோ, ஊடை இழைகளும் பெரும்பாலும் அதே வரிசையில், அதே எண்ணிக்கையில் வரும். ஒரு முறை முழுமையாக வந்து முடியும் அந்த வரிசைக்கு 'செட்' என்று பெயர். துணியின் அடையாளம் இதுவே. இதனை எழுதி வைப்பதற்கு ஓர் இழைக் கணக்கு உண்டு. உதாரணத்திற்கு, கறுப்பு 4, சிவப்பு 24, கறுப்பு 24, மஞ்சள் 4 என்று ஒரு கணக்கு இருப்பதாகக் கொள்வோம். நெசவாளர் முதலில் இந்த வரிசையில் இழைகளை வைத்துச் செல்வார். கடைசியான மஞ்சளை அடைந்ததும், அதையே திருப்பமாகக் கொண்டு, வந்த வழியே பின்னோக்கித் திரும்புவார்: கறுப்பு 24, சிவப்பு 24. மீண்டும் முதல் கறுப்பு 4 வந்ததும் அங்கும் திரும்புவார். இருபுறமும் உள்ள திருப்பங்களை ஒரு முறை மட்டுமே எண்ண வேண்டும். ஆக, ஒரு முழுச் சுற்றுக்கு 104 இழைகள். கண்ணாடியில் பார்ப்பதுபோல இடமும் வலமும் ஒத்திருப்பதற்குக் காரணம் இந்தத் திருப்பம்தான். திரும்பாமல் ஒரே திசையில் தொடரும் வடிவங்களும் சில உண்டு.

நம் சாரத்தின் நெசவில் ஊடை இழை ஒரு பாவுக்கு மேல், ஒரு பாவுக்குக் கீழ் என்று செல்லும். டார்டனில் இரண்டுக்கு மேல், இரண்டுக்குக் கீழ். ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இழை தள்ளித் தொடங்கும். இதனால் துணி முழுவதும் மெல்லிய சாய்வுக் கோடுகள் ஓடுகின்றன. இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் இந்தச் சாய்வுக் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். கையை நீட்டிச் சற்றுத் தள்ளிப் பார்த்தால் இரு நிறமும் குழைந்து மூன்றாவது ஒரு நிறமாகிவிடும்.

"இதில் ஒரு கணக்கு இருக்கிறது பெரிய வாப்பா" என்றான் அவன். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சந்தித்தால் முழுச் சிவப்பு. சிவப்பும் கறுப்பும் சந்தித்தால் பாதிப் பாதி. எனவே இரண்டு நிற நூல் இருந்தால் துணியில் மூன்று நிறங்கள் தெரியும். மூன்று நிற நூலுக்கு ஆறு. ராயல் ஸ்டூவர்ட் என்னும் புகழ்பெற்ற சிவப்பு டார்டனில் சிவப்பு, நீலம், கறுப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை என ஆறு நிற நூல்கள். துணியில் இருபத்தொரு நிறங்கள். நூல்களின் எண்ணிக்கை கூடக்கூடக் கலவைகள் பெருகி, நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று மங்கிப்போகும். வாப்பா சொல்வார்: "ரொம்ப நிறம் போட்டால் ஒரு நிறமும் தெரியாது." கணிதம் படிக்காத அந்த மனிதருக்கும் இது தெரிந்திருந்தது.

இன்னொரு செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. ஒரே செட்டை வெவ்வேறு நிறச் சாயல்களில் நெய்கிறார்கள். செயற்கைச் சாயத்தின் அடர்ந்த நிறங்களில் நெய்ததற்கு 'மாடர்ன்' என்று பெயர். பழைய தாவரச் சாயத்தைப் போன்ற வெளிர் நிறங்களில் நெய்ததற்கு 'ஏன்ஷியன்ட்' என்று பெயர். மண்ணில் கிடந்து, மழையில் நனைந்து நிறம் மாறியதுபோல் நெய்ததும் உண்டு. பச்சை ஓரிடத்தில் கரும்பச்சையாகவும், வேறோரிடத்தில் இளம் புல்லின் நிறமாகவும் இருக்கும். ஆனாலும் அது அதே டார்டன்தான். நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதில் விட்டுக்கொடுப்பார்கள். எந்த நிறத்தை அடுத்து எந்த நிறம், எத்தனை இழைக்கு எத்தனை இழை என்பதில் மாற்றம் செய்வதில்லை.

முற்காலத்தில் ஹைலாண்ட்ஸ் எனப்படும் மலைநாட்டுப் பெண்கள் தங்கள் நிலத்தில் கிடைத்ததைக் கொண்டே சாயமிட்டனர். பாறைகளில் படரும் ஒரு பாசியைச் சுரண்டிக் காய்ச்சிச் செம்பழுப்பு நிறம் எடுத்தனர். நம் வீட்டு பிரியாணியில் போடும் கல்பாசி அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிந்தபோது வியந்தேன். நல்ல சிவப்புக்கும் அடர் நீலத்துக்கும் வெளிநாட்டுச் சாயம் வேண்டியிருந்தது. 1703ஆம் ஆண்டு மார்ட்டின் மார்ட்டின் என்பவர் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவரே ஸ்கை தீவைச் சேர்ந்தவர். ஒவ்வொரு கோட்டிலும் எத்தனை இழை என்பதைப் பெண்கள் ஒரு மரத்துண்டில் குறித்து வைத்துக்கொண்டு, அதன்படி பிசகாமல் நெய்வார்கள் என்று அதில் எழுதியுள்ளார். ஊருக்கு ஊர் வடிவம் வேறுபடும், துணியைப் பார்த்தே ஒருவரின் ஊரைச் சொல்லிவிடலாம் என்றும் குறிப்பிட்டுள்ளார். ஊரைத்தான் சொல்கிறார், குலத்தை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தத் துணி ஒரு காலத்தில் தடை செய்யப்பட்டது என்பதும் எனக்குப் புதிய செய்தி. பழைய ஸ்டூவர்ட் அரச மரபினரை மீண்டும் அரியணையேற்ற மலைநாட்டுக் குலங்கள் பல கிளர்ந்தெழுந்தன. 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் களத்தில் அவர்கள் முறியடிக்கப்பட்டனர். அதே ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1747 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து, ராணுவத்தில் இருப்போரைத் தவிர, ஸ்காட்லாந்தில் எந்த ஆணும் சிறுவனும் மலைநாட்டு உடையை உடுத்தக்கூடாது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழாண்டு நாடு கடத்தல். இந்தத் தடை 1782 வரை நீடித்தது.

இங்கே சட்டத்தின் வாசகம் என் கண்ணைத் திறந்தது. தடை ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும்தான். காரணம், அது ஆண்களின் உடை. முற்காலத்தில் பல கஜம் நீளமுள்ள ஒரே கம்பளித் துணியை இடுப்பில் மடித்துக் கச்சையால் இறுக்கி, மீதியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். பகலில் அது மேலாடை, இரவில் போர்வை. அதிலிருந்து சுருங்கி வந்ததே இன்றைய கில்ட். அதற்கும் எட்டு கஜம் துணி பிடிக்கிறது. கட்டங்கள் குலையாமல் ஒவ்வொரு மடிப்பிலும் அதே செட் வந்து விழும்படி தைப்பது தனித் திறமை. அந்த நாட்டில் கில்ட் உடுத்திய ஆணைப் பார்த்து, பெண்ணுடை உடுத்தியிருக்கிறான் என்று எவரும் எண்ணுவதில்லை. வெளியூரில் ஒருவர் என் சாரத்தைப் பார்த்துப் பாவாடை என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

தடை இருந்த காலத்தில் இந்தத் துணியைக் காப்பாற்றியது, தடை விதித்த அரசின் ராணுவமே. சொந்த ஊரில் உடுத்தினால் சிறை. அரசனுக்காகப் போரிடச் சென்றால் உடுத்தலாம். நீலம், கறுப்பு, பச்சை கொண்ட 'பிளாக் வாட்ச்' என்னும் ராணுவ டார்டனிலிருந்தே பல வடிவங்கள் கிளைத்தன. அதன்மேல் ஒரு மஞ்சள் கோட்டைச் சேர்த்து 1793இல் கார்டன் படைப்பிரிவுக்கான டார்டனை ஒரு நெசவாளர் உருவாக்கினார். வெள்ளையும் சிவப்புமான கோடுகளைச் சேர்த்தது மெக்கன்சி டார்டன்.

இந்த மெக்கன்சி டார்டனுக்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இளமையில் கிளர்ச்சியாளர்களின் பக்கம் நின்று பின்னர் மன்னிக்கப்பட்ட மெக்லியோட் பிரபு, 1777ஆம் ஆண்டு அதே அரசுக்காக ஒரு படைப்பிரிவைத் திரட்டினார். மெக்கன்சி டார்டன் அதற்குரிய துணி. அப்படை 1780 ஜனவரியில் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்திற்கு அருகில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கும்பெனிப் படையை முறியடித்தபோது, அந்தப் பிரிவைச் சேர்ந்த வீரர்கள் சிலரும் களத்தில் இருந்தனர். அவர்களின் தலைவர்களுள் ஒருவரான டேவிட் பெயர்டு சிறைப்பட்டு 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தார். பொள்ளிலூர் வெற்றியைப் பற்றி எங்கள் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். எதிரே நின்றவர்களுள் சிலரின் ஊரில் அவர்களுடைய சொந்த உடையே அப்போது தடையில் இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இனி நான் சொல்லப்போவது, ஹதீஸ் கலையைக் கற்பிக்கும் என்னைப் போன்றவர்கள் மிகவும் விரும்பும் பகுதி.

ஒவ்வொரு குலத்திற்கும் பன்னெடுங்காலமாக ஒரு டார்டன் உண்டு என்று அந்த நாட்டிலேயே பலர் நம்புகின்றனர். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. குலத்துக்கு ஒரு வடிவம் என்ற ஏற்பாடு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. 1815இல் லண்டனில் இருந்த மலைநாட்டுச் சங்கம், ஒவ்வொரு குலத்தலைவரும் தம் குலத்தின் டார்டன் மாதிரியை அனுப்பித் தருமாறு கேட்டது. தங்கள் வடிவம் எது என்று அறியாமல் சில தலைவர்களே விசாரிக்க நேர்ந்தது. பேனக்பர்ன் ஊரில் வில்சன் குடும்பத்தார் பெரிய அளவில் டார்டன் நெய்து விற்றனர். 1819இல் அவர்கள் தொகுத்த மாதிரிப் புத்தகம் ஒன்று உள்ளது. எண்ணாக இருந்த வடிவங்கள் காலப்போக்கில் குலங்களின் பெயரையும் ஊர்களின் பெயரையும் பெற்றன. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். ஆட்சியிலிருக்கும் மன்னர் ஒருவர் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஸ்காட்லாந்துக்கு வந்ததில்லை. வரவேற்பை ஏற்பாடு செய்த எழுத்தாளர் வால்டர் ஸ்காட், அனைவரும் டார்டன் உடுத்தி வர வேண்டும் என்று விரும்பினார். அதன்பின் தேவை பெருகியது.

1842இல் சகோதரர்கள் இருவர், 'வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்' என்னும் நூலை வெளியிட்டனர். பழங்காலக் கையெழுத்துப் பிரதி ஒன்று தங்களிடம் இருப்பதாகவும், குலங்களின் டார்டன்கள் அதில் எழுதப்பட்டிருப்பதாகவும் கூறினர். அந்த மூலப் பிரதியை எவருக்கும் காட்டவில்லை. அது புனைவு என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் அந்த நூலில் உள்ள வடிவங்கள் பலவற்றை இன்றும் குலங்கள் தங்கள் உரிமையாகக் கருதி உடுத்துகின்றன.

இதைக் கேட்டதும் நான் மருமகனிடம் சற்றுப் பெருமிதத்தோடு சொன்னேன்: "பார்த்தாயா, ஸனது இல்லாத செய்தி! யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற தொடர் இல்லாவிட்டால் இப்படித்தான். அதனால்தான் நம் முன்னோர்கள் அறிவிப்பாளர் வரிசை இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை."

அவன் சிரித்தான். பிறகு மிகவும் மெதுவாக, மரியாதை குறையாமல் கேட்டான்: "பெரிய வாப்பா, கில்ட் பெண்களின் உடை என்று நீங்கள் எனக்குச் சொன்னதற்கு என்ன ஸனது?"

கடைக்குள் நின்றிருந்தோம். என்னிடம் பதில் இல்லை. நான் எவரிடமும் கேட்கவில்லை. எந்த நூலிலும் பார்க்கவில்லை. மடிப்பு வைத்துத் தைத்த துணியைப் படத்தில் கண்டு, என் ஊரில் அது யாருடைய உடையோ அங்கும் அவர்களுடைய உடையே என்று முடிவு செய்திருந்தேன். பெண்களுக்கு ஒப்பாகுதல் பற்றிய நபிமொழி உண்மையானது. அதை நான் வைத்த இடம்தான் தவறு. எது ஆணுடை, எது பெண்ணுடை என்பதில் பல விஷயங்கள் அந்தந்த ஊர் வழக்கத்தைப் பொறுத்தவை என்று வகுப்பில் பாடம் நடத்துபவனும் நானே.

உண்மையில் அவன் கேட்ட கேள்வியில் மார்க்கம் கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று இருந்தது. கில்ட் முழங்காலின் நடுவரை வரும். கால் உறை முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும். ஆணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது என்பது ஷாஃபியீ மத்ஹபின் நிலை. ஹனஃபீ மத்ஹபில் முழங்காலும் அதில் அடங்கும். நிற்கும்போது மறைவது, அமரும்போதும் குனியும்போதும் மறையுமா என்று பார்க்க வேண்டும். அதே டார்டன் துணியில் 'ட்ரூஸ்' என்னும் கால்சட்டையும் மலைநாட்டில் நெடுங்காலமாக உண்டு. விருந்துக்கு அதை உடுத்திச் செல்வதும் அங்கே வழக்கத்தில் உள்ளதே. இதை நான் அன்று அறிந்திருந்தால், "கால்சட்டையாக உடுத்திக்கொள், தோழர்களோடு மகிழ்ச்சியாகப் போய் வா" என்று சொல்லியிருப்பேன். ஒரு பிள்ளையின் ஒரு மாலைப்பொழுது அறைக்குள் கழிந்திருக்காது. (இது ஃபத்வா அல்ல. உங்களுக்கு இத்தகைய கேள்வி எழுந்தால், அந்த நாட்டின் வழக்கத்தை அறிந்த ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

கோடும் கட்டமும் போட்ட துணியில் குறையேதும் இல்லை. யமன் நாட்டுக் கோடு போட்ட 'ஹிபரா' மேலாடை நபி (ஸல்) அவர்களுக்கு மிகவும் பிரியமானதாக இருந்தது என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அதேவேளை, வேலைப்பாடுள்ள ஓர் ஆடையுடன் தொழுதபோது அது தம் கவனத்தை ஈர்த்ததால், அதைக் கொடுத்த அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டு, அவரிடமிருந்த வேலைப்பாடில்லாத ஆடையைக் கேட்டுப் பெற்றார்கள் என்ற செய்தியும் உண்டு. எண்ணத் தூண்டும் கட்டங்கள் தொழுகையில் கண்முன் இருக்க வேண்டாம். வெளியில் உடுத்துவதற்குத் தடையில்லை.

கடையிலிருந்து புறப்படும் முன் அவன் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். ஸ்காட்லாந்தில் டார்டன்களுக்கென்று அரசுப் பதிவேடு ஒன்று உள்ளது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி, 2009 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. புதிதாக ஒரு வடிவத்தை உருவாக்கினால் இழைக் கணக்குடன் அதில் பதிவு செய்யலாம். அங்கே வாழும் யூதர்கள் 2008இல் தங்களுக்கென ஒரு டார்டனை உருவாக்கிக்கொண்டனர். கம்பளியையும் லினன் நூலையும் கலந்து நெய்யக்கூடாது என்னும் தங்கள் வேதச் சட்டத்தையும் அதில் பேணினர். 2012இல், ஸ்காட்லாந்து முஸ்லிமான கல்வியாளர் அஸீம் இப்ராஹீம் அவர்களின் முயற்சியால் 'இஸ்லாமிக் டார்டன்' வெளிவந்தது. நீலம் ஸ்காட்லாந்தின் கொடிக்கு. பச்சை இஸ்லாத்துக்கு. ஐந்து வெள்ளைக் கோடுகள் ஐந்து கடமைகளுக்கு. ஆறு பொன்னிறக் கோடுகள் ஈமானின் ஆறு அம்சங்களுக்கு. கறுப்புச் சதுரம் கஅபாவுக்கு.

என் மனத்தில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். உடுத்தி, அமர்ந்து, அழுக்காகும் துணியில் கஅபாவின் குறியீடு வேண்டுமா என்று ஒரு தயக்கம் எழுந்தது. ஆனால் இம்முறை நான் வாய் திறக்கவில்லை. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று அவனைக் கேட்டேன். "கட்டம் கட்டம்தான் பெரிய வாப்பா. அதற்கு ஓர் அர்த்தத்தை நாம் வைக்கிறோம். இந்த மண்ணில்தான் நான் பிறந்தேன். இங்கே எங்களுக்கும் ஒரு வரிசை இருக்கிறது என்று பதிவேட்டில் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்" என்றான். மனிதர்களைச் சமூகங்களாகவும் குலங்களாகவும் அல்லாஹ் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்னும் கருத்து, சூரத்துல் ஹுஜுராத்தில் வருவதை நான் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! அறிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டும். என் தயக்கம் இன்னும் முழுமையாக நீங்கவில்லை. ஆயினும் அவன் சொன்னதை நான் மறக்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை பெரிய வாப்பா" என்றான். சிறிது நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்" என்றான். இரண்டுமே உண்மை. அந்த மாலையை என்னால் அவனுக்குத் திருப்பித் தர இயலாது.

வெளிநாடுகளில் வளரும் நம் பிள்ளைகள் ஊரில் உள்ள பெரியவர்களை நம்பிக் கேள்வி கேட்கிறார்கள். தங்களைச் சுற்றியுள்ளவர்களோடு சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று தேடுகிறார்கள். நாம் பார்த்திராத ஒரு வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்கு, "தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்பது இழிவன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் வந்த எத்தனையோ கேள்விகளுக்கு "எனக்குத் தெரியாது" என்று சொன்னவர்கள். நான் அவர்களின் கால் தூசுக்கும் ஈடாக மாட்டேன். இருந்தும் ஒரு நொடியில் பதில் சொன்னேன்.

நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று காலை, மருமகன் என் பழைய சாரத்தைக் கேட்டு வாங்கினான். அது வாப்பா கடைசியாக நெய்தவற்றுள் ஒன்று. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் அமர்ந்து இழை இழையாக எண்ணினான். ஒரு தாளில் எழுதி என்னிடம் தந்தான். பச்சை இத்தனை, நீலம் இத்தனை, வெள்ளை இரண்டு. பாவுக்குத் தனியாக, ஊடைக்குத் தனியாக. ஓரிடத்தில் வெள்ளை இரண்டுக்குப் பதிலாக மூன்று இழை வந்திருக்கிறதே, ஏன் என்று கேட்டான். வாப்பாவின் கை பிசகியதா, இழை அறுந்து முடி போட்டபோது கூடுதலாகச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியவில்லை மகனே" என்றேன். "ஊரில் வாப்பாவோடு தறியில் இருந்த ஒருவர் இன்னும் இருக்கிறார். கேட்டுச் சொல்கிறேன்."

அந்தத் தாள் இப்போது என் கிதாபுக்குள் இருக்கிறது.